எக்சோஸில் இறுகிப்போன சென்சார்: குழாயையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றணுமா?

வாசகர் கேள்வி, 5 ஏப்ரல் 2024

அண்ணே, சுங்கை சிப்புட் லிந்தாங் ரோடு பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேன் செய்ததில் பி0141 என்று வந்தது. பின்பக்க ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று டவுனில் ஒரு பட்டறையில் சொன்னார்கள். கழற்றப் பார்த்தார்கள், அசையவில்லை. இதற்குமேல் திருகினால் மரை போய்விடும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக்கோடு சேர்த்துப் புகைக்குழாயையே மாற்றணும் என்கிறார் ஃபோர்மேன். அவர் சொல்கிற விலைக்கு என் சம்பளத்தில் பாதி போய்விடும். வேறு வழியே இல்லையா?

5 ஏப்ரல், இரவு

வழி இருக்கிறது. குழாயை மாற்ற இப்போதைக்குத் தலையாட்ட வேண்டாம்.

இதில் இரண்டு சாமான் இருக்கிறது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். குப்பைக்குப் போகப்போவது சென்சார். காப்பாற்ற வேண்டியது அது உட்கார்ந்திருக்கும் நட்டு, அதாவது குழாயில் வெல்டிங் செய்து ஒட்டியிருக்கும் தடித்த வளையம். அதற்குள்தான் மரை இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது எம்18, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், பிட்ச் (மரை இடைவெளி) 1.5. சென்சாரின் ஆறுபட்டைத் தலை 22 மில்லிமீட்டர். சென்சார் உடைந்தால் உடையட்டும், அதற்காக யாரும் அழப்போவதில்லை. நட்டின் மரை வழித்துக்கொண்டு போனால்தான் வேலை கூடும். அப்படியே போனாலும் கேட்டலிட்டிக்கைத் தொட வேண்டியதில்லை. பழைய நட்டை அறுத்துவிட்டுப் புது நட்டு ஒன்றை வெல்டிங் செய்யலாம், எக்சோஸ் கடைக்காரர்களுக்கு இது அன்றாட வேலை.

எதைப் போட்டுத் திருகினார்கள், சூடு காட்டினார்களா என்பதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

6 ஏப்ரல், காலை

ஓப்பன் ஸ்பானர் போட்டுச் சுத்தியலால் தட்டினார்களாம், தலையின் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறதாம், சூடு காட்டவே இல்லையாம். அப்படியானால் இன்னும் யாரும் ஒழுங்காக முயன்று பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

ஓப்பன் ஸ்பானர் ஆறு பக்கத்தில் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும். இறுகிய சாமானில் அது வழுக்கும், வழுக்கும்போது முனையைத் தின்றுவிடும். சென்சாருக்கென்றே விற்கும் சாக்கெட் ஒன்று இருக்கிறது, ஒயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் கீறல் விட்டிருப்பார்கள். சாதாரணமாகக் கழலும் சென்சாருக்கு அது போதும். நன்றாக இறுகியதில் பலம் கொடுத்தால் அந்தக் கீறலே விரிந்து சாக்கெட் வாய் பிளக்கும், மலிவான சாக்கெட் என்றால் இன்னும் சீக்கிரம். இறுகிய சென்சாருக்கு ஒயரை வெட்டிவிட்டு, கீறல் இல்லாத ஆறுபட்டை 22 ரிங் ஸ்பானரோ நீள சாக்கெட்டோ போடுவதுதான் சரி. பன்னிரண்டு பட்டை வேண்டாம், மழுங்கிய தலையில் அது சுற்றிக்கொண்டு போகும்.

ஆனால் ஒயரை வெட்டுவதற்கு முன் சென்சார் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று தெரிய வேண்டும். அதை மதியம் எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்பணும்.

6 ஏப்ரல், மதியம்

பி0141 என்றால் பின்பக்க சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு. அந்த எண் "சென்சாரை மாற்று" என்று சொல்லவில்லை, ஹீட்டருக்குப் போகும் கரண்ட் பாதையில் எங்கோ தப்பு என்று மட்டும் சொல்கிறது. ஃபியூஸ் போயிருக்கலாம், ஒயர் சாக்கெட்டில் தண்ணீர் ஏறியிருக்கலாம், ஒயர் எங்காவது அறுந்திருக்கலாம்.

நம் பக்கம் இதில் எலியைச் சேர்த்தே ஆகணும். செம்பனைத் தோட்டத்தில் எலி பழத்தை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை, வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள்ளும் குடியேறும். ஆந்தைக்குக் கூண்டு கட்டிவைத்து எலியைப் பிடிக்கும் தோட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஒயரின் பிளாஸ்டிக் உறையில் சின்னச் சின்னப் பல் தடம் இருந்தால் சென்சாரைத் திட்ட வேண்டாம்.

மல்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் இருக்கும் பாருங்கள், அவைதான் ஹீட்டர். போஷ், என்டிகே சென்சார்களில் அவை வெள்ளை, டென்சோவில் கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஓம் அளந்தால் பெரும்பாலும் சில ஓமிலிருந்து பதினைந்து ஓமுக்குள் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே ஹீட்டர் அறுந்துவிட்டது என்று முடிவு கட்டலாம்.

ஹீட்டர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். சென்சாரின் மூக்கில் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். அது 300 டிகிரி வாக்கில் சூடானால்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். எக்சோஸ் புகையே சூடாக்கட்டும் என்று காத்திருந்தால் நேரமாகும், அதனால் உள்ளுக்குள்ளேயே ஒரு ஹீட்டரை வைத்துவிட்டார்கள்.

அப்புறம், பயப்பட வேண்டாம். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்பதைப் பெரும்பாலும் முன் சென்சார்தான் தீர்மானிக்கிறது. பின்னால் இருப்பது கேட்டலிட்டிக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காவல் பார்க்கிறது. பி0141 வந்தவுடனே கார் நடுரோட்டில் நின்றுவிடாது. முன் சென்சாரின் ஹீட்டரான பி0135 என்றால் கொஞ்சம் அவசரம் காட்டுவேன், ஏனென்றால் அது பெட்ரோலைக் குடிக்க வைக்கும்.

7 ஏப்ரல்

ஃபியூஸ் நன்றாக இருக்கிறதாம், ஒயரில் பல் தடம் இல்லையாம், ஓம் ஒன்றுமே காட்டவில்லையாம். சரி, சென்சார் போய்விட்டது. ஃபோர்மேன் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மருந்தில்தான் எனக்குச் சம்மதமில்லை.

10ஆம் தேதி நோன்புப் பெருநாள். ஸ்பேர்பார்ட்ஸ் கடை, பட்டறை என்று பாதி டவுன் மூடித்தான் கிடக்கும். அதுவும் நல்லதுக்கே, எண்ணெய் ஊறுவதற்கு நேரம் கிடைக்கும். எஞ்சின் ஆறியபின் காருக்கு அடியில் போய், சென்சார் நட்டைச் சுற்றியிருக்கும் மண்ணை ஒயர் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை மரை ஆரம்பிக்கும் விளிம்பில் அடியுங்கள். மண்ணுக்கு மேலே அடித்தால் மண்தான் குடிக்கும். தினமும் சாயங்காலம் கொஞ்சம் அடித்து, ஸ்பானர் கைப்பிடியால் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டால் போதும். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும்.

காருக்கு அடியில் போகிறவர்கள் ஜேக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஜேக் ஸ்டாண்டு வையுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிறவர்களை எங்கள் லயத்துப் பக்கமே பார்த்திருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். தயவுசெய்து வேண்டாம்.

8 ஏப்ரல்

வேறொரு வாசகர், ஈப்போக்காரர், எழுதுகிறார்: "நம் நாட்டில் பனியும் இல்லை, ரோட்டில் உப்பும் கொட்டுவதில்லை. சென்சார் இப்படி இறுகுவதெல்லாம் குளிர் நாட்டுக் கதை."

ஈப்போ டவுனுக்குள் ஓடும் காருக்கு அது ஓரளவு உண்மை. தோட்டத்துக்குள் ஓடும் காருக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செம்பனைக்குப் போடும் உரத்தில் பெரிய பங்கு பொட்டாஷ். பொட்டாஷ் என்றால் பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு வகை உப்புதான். இரும்பை அரிக்கிற குளோரைடு சமையல் உப்பிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. உரம் போட்ட வாரத்தில் மழை பெய்தால், தோட்டப் பாதையில் தேங்கும் அந்தச் சிவப்புத் தண்ணீரில்தான் நம் எக்சோஸ் குளிக்கிறது. குழாய் சூடாக இருக்கும்போது தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அடுத்த மழையில் மறுபடியும் நனையும். செம்மண் நட்டைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈரத்தைக் காயவிடாமல் வைத்திருக்கும்.

குழாய்க்குள்ளேயும் ஒரு வேலை நடக்கிறது. பெட்ரோல் எரிந்தால் புகையோடு தண்ணீர் ஆவியும் வரும். நீண்ட தூரம் ஓடினால் குழாய் நன்றாகச் சூடாகி எல்லாம் வெளியே போய்விடும். லயத்திலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓடினால் அந்த ஆவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி நிற்கும். காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது பின்னால் சொட்டுவது அதுதான்.

எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரே வயதில் இரண்டு கார். தங்கச்சியின் கார் ஈப்போவுக்கும் தைப்பிங்கிற்கும் ஹைவேயில் ஓடுகிறது. அதன் சென்சார் சாதாரண ஸ்பானருக்கே திரும்பியது. என் கார் தோட்டத்தைத் தாண்டுவதே அபூர்வம். அதில் என்ன நடந்தது என்பதை அடுத்து எழுதுகிறேன்.

11 ஏப்ரல்

பெருநாள் பலகாரம் இரண்டு வீட்டிலிருந்து வந்தது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

என் காரில் பின் சென்சார் இறுகியபோது எண்ணெய் ஊற வைத்தேன், நீளக் கைப்பிடி போட்டேன், அசையவில்லை. கைப்பிடிக்குப் பைப் நீட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நிறுத்தினார். அவர் தோட்டத்து பேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். குழாயைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெல்லிசுத் தகட்டில் பைப் போட்டு முறுக்கினா நட்டு திரும்பாதுடா, குழாய்தான் திரும்பும்" என்றார். உள்ளே போய் சாமி மாடத்திலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துவந்தார்.

கேஸ் டார்ச்சை நட்டின் மேல் மட்டும் காட்டச் சொன்னார், சென்சார் தலைமேல் காட்டக்கூடாது. வெளியே இருக்கும் நட்டு விரியணும், உள்ளே இருக்கும் சென்சார் விரியக்கூடாது, அதுதான் கணக்கு. வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தபோது முதலில் எண்ணெய் புகைந்தது, பிறகு துரு கறுத்தது, அப்புறம் வளையம் மங்கிய சிவப்புக்கு வந்தது. டார்ச்சை எடுத்துவிட்டுச் சிவப்பு மறையும்வரை காத்திருந்தார். மறைந்ததும் மெழுகுவர்த்தியின் நுனியை நட்டும் சென்சாரும் சேரும் கோட்டில் வைத்தார். மெழுகு தண்ணீராகி அந்தக் கோட்டைச் சுற்றி ஓடியது, வெள்ளைப் புகை ஒரு இழை கிளம்பியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெழுகு மரைக்குள் இழுபட்டுக் காணாமல் போனது. வைக்க வைக்க உறிஞ்சிக்கொண்டே இருந்தது. சிவப்பு மறையும் முன்பே வைத்தால் மெழுகு தீப்பிடித்து எரிந்துவிடும், உள்ளே போகாது. காத்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

அதன்பின் ஸ்பானரைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் கொஞ்சம் அமுக்கச் சொன்னார். கழற்றப் போகிறவன் ஏன் இறுக்கணும் என்று கேட்டேன். "ஒட்டினது விட்டுப்போகணும், எந்தப் பக்கம் விட்டால் என்ன" என்றார். அமுக்கியதும் காய்ந்த மட்டை முறிவதுபோல் டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கும் பக்கம் கொஞ்சம், மறுபடி கழற்றும் பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் மரையிலிருந்து காவி நிறத்தில் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் பொடியை அரைத்து வெளியே தள்ளத்தான் முன்னும் பின்னும் போவது. ஒரே மூச்சில் கழற்றினால் பொடி மரைக்குள் சிக்கி மறுபடியும் கவ்விக்கொள்ளும், அங்கேதான் மரை வழிக்கும்.

தம்பி, உங்கள் ஃபோர்மேன் சொன்ன பயம் பொய்யில்லை. சூடு காட்டாமல் பலத்தை மட்டும் நம்பினால் அவர் சொன்னதுதான் நடக்கும்.

12 ஏப்ரல்

சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய் சூடாக இருக்கும்போதே கழற்றினால் போதாதா, டார்ச் எதற்கு" என்று கேட்கிறார்.

மிதமாக இறுகியதற்குப் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் கையேடுகளிலேயே, எஞ்சின் சூடு 48 டிகிரிக்குக் கீழே இருந்தால் சென்சார் கழலக் கஷ்டப்படும், அதிகம் பலம் கொடுத்தால் மரை கெடும் என்று எழுதியிருக்கும். ஆனால் எஞ்சின் ஓடி வரும் சூட்டில் நட்டும் சென்சாரும் சேர்ந்தே சூடாகும், சேர்ந்தே விரியும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அவ்வளவாகக் கூடாது. டார்ச் வெளி வளையத்தை மட்டும் சட்டென்று சூடாக்குகிறது, வித்தியாசம் அங்கேதான். அதனால் என் வரிசை இப்படி: சில நாள் எண்ணெய், பிறகு எஞ்சினை ஓடவிட்டு வெதுவெதுப்பில் ஒரு முயற்சி, அசையாவிட்டால் டார்ச்சும் மெழுகும். இதைத் தாண்டினால் எக்சோஸ் கடை.

டார்ச் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் பைப் போகிறதா, எக்சோஸைத் தொங்கவிடும் ரப்பர் இருக்கிறதா, காரின் அடித்தளத்தில் கறுப்புப் பூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காய்ந்த ஓலைத் துணுக்கு, புல் எல்லாம் அடியில் சிக்கியிருக்கும், எடுத்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர் வாளியும் நனைத்த கோணிச்சாக்கும் இருக்கட்டும், தீயணைப்பான் இருந்தால் இன்னும் நல்லது. பெட்ரோல் பைப் ஒட்டியே போகிறது என்றால் வீட்டில் டார்ச் வேண்டவே வேண்டாம்.

13 ஏப்ரல்

யோசனைகள் குவிந்துவிட்டன, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோக் ஊற்றலாமா என்றால், மேலாக இருக்கும் துருவைக் கொஞ்சம் கரைக்கும், இந்த வேலைக்கு ஆகாது, எறும்புதான் வரும். டீசல் ஊறும், மெதுவாக ஊறும், பரவாயில்லை. ஆட்டோ கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது பழைய பட்டறைக்காரர்கள் வழி. நன்றாகவே இறங்கும், ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அதை ஊற்றிய அன்றைக்கு டார்ச்சைக் கிட்டவே கொண்டுவரக்கூடாது.

பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுச் சூடு காட்டலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்கிறேன். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த ரசாயனம் இருக்கும். தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது.

காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் காற்றுத் துப்பாக்கி போடலாம். கீறல் இல்லாத சாக்கெட்டோடு, குறைந்த பலத்தில் விட்டுவிட்டுத் தட்டினால் அந்த அதிர்வு உதவும். முழுப் பலத்தில் விட்டால் மரை பிடிக்கிறதா வழிக்கிறதா என்று கைக்குத் தெரியாது. கையால் திருகும்போது அது தெரியும், எனக்கு அதுதான் பெரிசு.

20 ஏப்ரல், இரவு

கழன்றுவிட்டது!

கேள்வி கேட்ட தம்பியின் தோட்டத்துப் பட்டறையில் ஒரு மாமா கேஸ் வெல்டிங் வைத்திருக்கிறார், அவரிடம் காரைக் கொண்டுபோனார், நானும் கூடப் போயிருந்தேன். லோரிக்குக் குழி வெட்டியிருக்கிறார்கள், காரை அதன்மேல் நிறுத்திவிட்டதால் நிமிர்ந்து நின்றே வேலை செய்ய முடிந்தது. எண்ணெய் ஊறியிருந்தது, நட்டு சுத்தமாக இருந்தது, தம்பி நான் சொன்னபடியே தேய்த்திருக்கிறார். வெதுவெதுப்பில் அசையவில்லை. ஒயரை வெட்டினோம். 22 ரிங் ஸ்பானர் மழுங்கிய முனையிலும் நன்றாகவே உட்கார்ந்தது.

மாமா முதல்முறை சூடு காட்டி மெழுகு வைத்தார், ஸ்பானர் அசையவில்லை. தம்பியின் முகம் விழுந்துவிட்டது. மாமா ஒன்றும் பேசாமல் நன்றாக ஆறவிட்டார், மறுபடி சூடாக்கினார். விரிந்து சுருங்கி மறுபடி விரியும்போது துருவின் பிடி விடும் என்பது அவர் அனுபவம். அடுத்தமுறை இறுக்கும் பக்கம் அமுக்கியதும் விட்டுக்கொடுத்தது. கடைசி இரண்டு மரை வரைக்கும் முன்னும் பின்னுமாகவே கொண்டுவந்தார், அவசரப்படவே இல்லை.

சென்சாரின் மூக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் இருந்தது. எஞ்சின் ஒழுங்காக எரிகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறதா என்று பார்க்கணும், அல்லது யாராவது எஞ்சின் வேலையில் சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசியிருக்கணும்.

குழாய் முழுசாக இருக்கிறது, கேட்டலிட்டிக் முழுசாக இருக்கிறது. மாமா காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். பிசாங் கோரேங் வாங்கிக் கொடுத்தோம்.

21 ஏப்ரல்

புது சென்சாரைப் போடுவதற்கு முன் மரையைச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். கஷ்டப்பட்டுக் கழற்றிவிட்டு இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம்.

எம்18, 1.5 டேப், அதாவது மரை வெட்டும் கருவி, தனியாகத் தேடினால் நம் டவுன் கடையில் கிடைப்பது கஷ்டம். ஸ்பார்க் பிளக் மரை சுத்தம் செய்யும் டேப் என்று கேளுங்கள். ஒருமுனை 14, மறுமுனை 18 என்று இரட்டையாக ஒன்று வருகிறது, பழைய பெரிய பிளக்குகளுக்காகச் செய்தது. அந்த 18 முனையின் மரையும் 1.5தான், அப்படியே பொருந்தும். டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் தடவிக்கொண்டு கையால் மெதுவாக விடுங்கள், தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். பின் சென்சார் கேட்டலிட்டிக்குக்குப் பிறகு இருப்பதால் கொஞ்சம் தூள் உள்ளே விழுந்தாலும் அதற்கு ஆபத்தில்லை. முன் சென்சாரில் விழுந்தால் புகை அதைக் கேட்டலிட்டிக்குக்குள்தான் தள்ளும், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

புது சென்சார் பெரும்பாலும் மரை இறுகாமல் காக்கும் பசை பூசியே வரும், அல்லது சின்னப் பொட்டலத்தில் கொடுப்பார்கள். பூசி வந்திருந்தால் மேலே எதுவும் தடவ வேண்டாம். இல்லாவிட்டால் நிக்கல் அல்லது செம்பு கலந்த ஆன்டி சீஸ் பசை, சென்சாருக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மரையில் மட்டும் மெல்லிசாகத் தடவணும். மூக்கில் பட்டால் சென்சார் கெடும். முதலில் கையாலேயே திருகுங்கள், கையால் பாதிவரை போகவில்லை என்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது, நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இறுக்கம் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும், உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

5 மே

ஒயரை வெட்டியதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர்: "பல கார்களுக்கும் ஆகும் பொது சென்சார் வாங்கி, பழைய ஒயர் சாக்கெட்டை வெட்டி ஈயம் வைத்து ஒட்டினால் விலை குறையுமே?"

பொது சென்சார் சரி, ஈயம் வைக்காதீர்கள். சென்சார் புகையில் இருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அந்த வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயரின் உறைக்குள், கம்பி இழைகளின் சந்து வழியாகத்தான் உள்ளே போகிறது. ஈயம் உருகி இழைகளுக்குள் ஓடினால் மூச்சு அடைபடும். சென்சாரோடு வரும் நசுக்கு இணைப்பையே பயன்படுத்துங்கள். சாக்கெட்டுக்குள் கிரீஸ் அப்புவதும் இதே காரணத்தால் கூடாது.

அப்புறம், பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார், அந்தக் காலத்து டட்சனில் இதெல்லாம் இருந்ததா, ஓடவில்லையா என்று. நன்றாகவே ஓடியது, எங்கள் வீட்டிலும் ஒரு 120ஒய் இருந்தது. கார்புரேட்டர் திருகைக் காதால் கேட்டே அப்பா வைத்துவிடுவார். போஷ் கம்பெனியின் இந்த சென்சார் முதன்முதலில் 1976இல் வோல்வோ கார்களில்தான் வந்தது, கலிபோர்னியாவின் புகைச் சட்டத்துக்காக. கேட்டலிட்டிக் வேலை செய்யணும் என்றால் காற்றும் பெட்ரோலும் 14.7க்கு 1 என்ற கணக்கில் நிற்கணும், காதால் அவ்வளவு துல்லியமாக வைக்க முடியாது. அப்பாவிடம் இதைச் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை.

19 மே

கேட்டலிட்டிக் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 வந்திருக்கிறது, பின் சென்சாருக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர், அதாவது சென்சாரைத் தள்ளி நிறுத்தும் துண்டு, வைத்தால் விளக்கு அணையுமாமே என்று ஒருவர் கேட்கிறார்.

அணையலாம். செய்யாதீர்கள் என்பேன். காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. முதலில் கேட்டலிட்டிக்குக்கு முன்னால் எங்காவது புகை கசிகிறதா என்று பாருங்கள். கசியும் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டாலும் சென்சார் ஏமாறும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, குழாய் இணைப்புகளில் டக் டக் என்று சத்தம் கேட்கிறதா, கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்று தேடினாலே பாதி தெரிந்துவிடும். கேஸ்கெட் மாற்றுவதோடு வேலை முடிந்தாலும் முடியும்.

10 நவம்பர்

தீபாவளி முடிந்து இப்போதுதான் இந்தப் பக்கம் வந்தேன். ஒரு அக்கா பீடோரிலிருந்து கேட்டிருக்கிறார்: முன் சென்சார், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் (எஞ்சினை ஒட்டிய புகைக்குழாயில்) இறுகியிருக்கிறது, பட்டறையில் சூடு காட்டியும் வரவில்லை, தலையும் முழுசாக மழுங்கிவிட்டது.

அக்கா, வார்ப்பிரும்பு தடிமனாக இருப்பதால் சூட்டை இழுத்துக்கொண்டே போகும், வீட்டு டார்ச் போதாது, ஆக்ஸி அசிட்டிலின் வேண்டும். அதையும் மேனிஃபோல்டைக் காரிலிருந்து கழற்றிவைத்துச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி ஆறவைக்க விடாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும், அதன்பின் வெல்டிங் செய்வதும் கஷ்டம். தலை மழுங்கிவிட்டால் சென்சாரின் மேல்பாகத்தை அறுத்துவிட்டு, மிஞ்சிய உடம்பின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்த வெல்டிங் சூடு உள்ளிருந்தே மரைவரைக்கும் இறங்கும், ஆறும்போது சென்சாரின் உடம்பு சுருங்கிப் பிடியை விடும், புது நட்டில் ஸ்பானரும் நன்றாகப் பிடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றாமல் காரின் மேலேயே வெல்டிங் வைக்க ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், கம்ப்யூட்டர் போய்விடும். அதிலும் வராவிட்டால் துளையிட்டு எடுத்து எம்18 மரைக்கூடு, அதாவது உள்ளே புது மரை இருக்கும் வளையம், ஒன்றை வைத்துவிடலாம். பீடோரில் செய்ய ஆளில்லை என்றால், ஈப்போவில் எஞ்சின் தலையைச் சீவித் தரும் லேத் பட்டறைகளில் மேனிஃபோல்டை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள், காரை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.